நீலமலை மக்களைக் காண்பதும் கேட்பதும்

மலைமேற் செல்வோர் பல திறத்தினர். வேனில் வெப்பந் தாங்காது குளிர் நாடிச் செல்வாரும், நோய் நீங்க நற்காற்று நாடிச் செல்வாரும், இயற்கையின் எழிலை நுகர விழைந்து செல்வாரும், பிறர் சென்றாரென்று தாமுஞ் செல்வாரும் என அவரைப் பகுக்கலாம். இவ்வனைவரும் இறங்கி வரும்போது கொண்டுவருவன யாவை? தைலப்புட்டி சில, தேயிலைப் பொட்டலம் சில, நிழற்படங்கள் பல. இவற்றிற் குற்றமொன்றுமில்லை. ஆயின், அம்மலையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களின் வாயினின்று ஒரு சொல்லையேனுங் கற்று வந்தார் எத்துணைப் பேர்? அருவியைக் கண்டோம், ஏரியைக் கண்டோம், மலைவாசிகளையுங் கண்டோம் என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுகின்றோம். அருவியும் ஏரியும் நம்மொடு பேசமாட்டா. மக்கள் பேசுவர் அன்றோ? பேசுவாரைப் பேசாப் பொருள்களோடு சேர்த்தெண்ணுதல் முறையாகுமா?

மலைவாழ் மக்களைக் காணச் செல்வோர் முதற்கண் அவர் கூறுவதைக் கேட்கச் செல்லவேண்டும். அவருள்ளும் தமிழ் பயிலும் மாணவராகிய நாம் பிறரினும் மிகுதியாகக் கேட்கக் கடமைப்பட்டவர். இதுவே யான் ஈண்டுக் கூறப்புகுவது. நம் நாட்டின் நீலமலையையே இதற்குச் சான்றாகக் கொள்கின்றேன்.

மேட்டுப்பாளையத்தினின்று மலையேறும் புகைவண்டியை அறியாதார் இலர். பற்சக்கரங் கொண்டு தண்டவாளத்தைப் பற்றிப் பற்றி ஏறும் அவ்வண்டி 1899ஆம் ஆண்டிற் குன்னூரையும், 1908ஆம் ஆண்டில் உதகமண்டலத்தையும் எட்டியது. பாக்கும் மூங்கிலும் செறிந்த அடிவாரத்தை விட்டு மேலேறிச் செல்லச் செல்ல, காற்றுக் குளிர்கின்றது, மரங்கள் குறுகுகின்றன, ஈற்றில் அலையலையாக விரிந்த மேட்டுநிலம் ஒன்று கண்முன் தோன்றுகின்றது. அதன் முடியாகிய தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரமுடையது. முற்காலத்தில் இம்மேட்டுநிலம் பெரும்பாலும் புல்வெளியாகவே இருந்தது. பள்ளத்தாக்குகளில் மட்டும் நீரூற்றைச் சூழ்ந்து சோலைக்காடுகள் திட்டுத்திட்டாக நின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்த சீகை மரமும் கற்பூர மரமும் ஊன்றப்பட்டு, தேயிலையும் பெருகி, அப்புல்வெளியிற் பெரும்பகுதி மறைந்தொழிந்தது. இன்று நாம் கண்டு களிக்கும் பசுமையிற் பாதி அயல்நாட்டுப் பசுமையே. இதனை அறியாது இயற்கையழகு என்று புகழ்கின்றோம். கண் மட்டுங் கொண்டு காண்பான் ஏமாறுவதற்கு இஃதொன்றே போதும். அம்மலையில் எருமை மேய்த்து வாழ்ந்தாரைக் கேட்டால், எது பழையது எது புதியது என்று அவர் நொடியிற் கூறிவிடுவர். புல் குறைந்த துன்பத்தை நேரில் அடைந்தவர் அவரே ஆதலின்.

அரசாங்கம் தமிழ்நாட்டில் மிகவும் பாதுகாக்கப்படவேண்டிய பழங்குடியினரென வகுத்துள்ள ஆறு கூட்டத்தாரும் நீலமலையில் உள்ளனர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்போர் அவர். இவரன்றி, வடக்கே மைசூர்ப்பக்கத்தினின்று சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் வந்து குடியேறிய படகரும் உழவுத்தொழில் செய்து பெருகி வாழ்கின்றனர். இக்கூட்டத்தார் தனித்தனியே வாழ்ந்தாரெனினும் தொடர்பற்று வாழ்ந்தாரல்லர். தோடர் எருமை காத்துப் பாலும் நெய்யும் அளித்தனர். ஏழூர்களில் வாழ்ந்த கோத்தர் இரும்புக் கருவி வடித்தனர், மரவேலை செய்தனர், அவர்தம் பெண்டிர் மட்கலம் வனைந்தனர், பிறர் வீட்டுச் சாவுச் சடங்கிற்குக் கோத்தரே குழலூதிப் பறை கொட்டினர். படகர் தானியங் கொடுத்தனர். குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் கொணர்ந்தனர். அவர்தம் மந்திரவன்மையைப் பிறர் அஞ்சியும் நாடியும் வாழ்ந்தனர். நாணயமின்றிப் பண்டமாற்றாலும் கடப்பாட்டாலும் இயங்கிய இவ்வொழுங்கு, சந்தையும் கூலியும் வந்தபின் தளர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் பெரும்பாலும் அற்றுப்போயிற்று.

ஐந்திணை பயிலும் மாணவர்க்கு இங்கே ஒரு வியப்புண்டு. மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கால்நடை காத்து வாழும் ஆயர் வாழ்க்கை முல்லைக்குரியது என்றும் படிக்கின்றோம். தோடரோ மலையுச்சியிலிருந்து கொண்டு முல்லை வாழ்க்கை நடத்தினர். அவர்தம் சமயமே பாலைச் சுற்றியமைந்தது. எருமைக் கூட்டங்களுட் சில தெய்வத்தன்மையுடையன. அவற்றின் பாலைக் கறந்து கடையும் இல்லங்களே கோயில்கள். அப்பணி செய்வோனே பூசகன். நிலத்திற்கேற்ற வாழ்வென்று நூலிற் கற்றதனை, இருநிலங் கலந்த வாழ்வாகக் கண்முன்னே காணும் பேறு நமக்கு நூறு கல் தொலைவிற்குள்ளேயே வாய்த்திருக்கின்றது. அதனைப் பயன்படுத்திக்கொண்டோமா?

இம்மக்களைத் தேடி மலையேறியவர் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கி.பி. 1603ஆம் ஆண்டில், இயேசு சபையைச் சேர்ந்த பெனிசியோ என்னுங் குருவானவர் மலையாளக் கரையினின்று நீலமலைக்கு ஏறினார். முன்னொரு காலத்திற் சபையைவிட்டு விலகிய கிறிஸ்தவர் அம்மலைமேல் வாழ்கின்றனர் என்ற பேச்சைக் கேட்டே அவர் சென்றார். அங்கு அவர் கண்டவர் தோடரும் படகருமே. தாம் தேடியவர் அவரல்லர் என்பதை அறிந்து திரும்பினார். ஆயினும், அம்மக்களிடம் அவர் வினவியறிந்து எழுதிய செய்திகள், அவரைப்பற்றி ஐரோப்பியர் எழுதிவைத்த முதற் குறிப்புகளுள் இடம்பெறுகின்றன. 1819ஆம் ஆண்டிற் கோயமுத்தூர்க் கலெக்டராகிய ஜான் சல்லிவன் மலையேறினார். அவர் நாடியது குளிரும் நிலமும். அவர் வழியே சாலை வந்தது, மாளிகைகள் வந்தன, மலைநகரம் எழுந்தது. தோடரின் நிலவுரிமையை அவர் ஆதரித்துப் பேசியவரே. ஆயினும் அவர் திறந்த வழியே வந்த கூட்டம் அந்நிலத்தை விட்டுவைக்கவில்லை. உதகமண்டலம் என்னும் பெயரே ஒரு தோடர் ஊர்ப்பெயரின் திரிபென்பர். ஊரை இழந்தவர் பெயரை மட்டும் நமக்கு விட்டுச்சென்றனர் போலும்.

இவ்வரலாற்றில் நாம் கருத்தூன்றிக் காணவேண்டியது 1873ஆம் ஆண்டில் இலண்டன்மாநகரில் வெளிவந்த ஒரு நூல். படைத்தலைவர் மார்ஷல் என்பார் அதன் ஆசிரியர். தலையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவி மனிதனுடைய குணத்தை அறியலாமென்ற ஒரு கொள்கை அக்காலத்தில் வழங்கியது. அக்கொள்கையாற் பற்றப்பட்ட மார்ஷல், தோடரின் தலைகளை அளந்தும் வருணித்தும் அந்நூலை வரைந்தார். அக்கொள்கை வெறும் பொய்யென்று பின்னர் அறிவுலகம் தள்ளிவிட்டது. ஆயின், அதே நூலின் இறுதியில் வேறோர் அறிஞர் எழுதிய சிறு பகுதியொன்று சேர்க்கப்பட்டுள்ளது. அது தோடர் மொழியின் இலக்கணச் சுருக்கம். எழுதியவர் யாவர்? பின்னாளில் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உலகறியச் செய்த போப்பையரே! உதகையிற் பள்ளி நடத்தியவர் அவர். படகரிடையே ஊழியஞ் செய்த பாசல் மிஷன் ஊழியர் மெட்ஸ் என்பார் திரட்டிய சொற்களையும் தொடர்களையுங் கொண்டு அவ்விலக்கணத்தை அமைத்தார்.

ஒரே நூல், ஒரே மக்கள். ஒருவர் அவர்தம் தலையை அளந்தார். மற்றையோர் அவர்தம் சொல்லைக் கேட்டனர். தலையை அளந்தவருடைய முடிபுகளை இன்று எவரும் ஏற்பதில்லை. சொல்லைக் கேட்டவருடைய உழைப்போ, குறைகள் பலவுடையதெனினும், பின்வந்தார்க்குப் படிக்கல்லாயிற்று. அளப்பதற்கு மனிதனை அசையாது நிறுத்தினாற் போதும். சொல்லைக் கேட்பதற்கோ அவனைத் தனக்கு ஆசிரியனாக ஏற்றல் வேண்டும். இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையே யான் வற்புறுத்துவது.

இவர்க்குப்பின் வந்தோருட் சிறந்தார் இருவரைக் கூறல் தகும். 1901-02ஆம் ஆண்டுகளில் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் தோடரிடையே தங்கி, குடிவழியும் உறவுமுறையும் கேட்டெழுதி, 1906இல் ‘தோடர்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அக்காலத்தில் அம்மக்கள் ஏறத்தாழ 800 பேரே. பின்னர், 1935 முதல் 1938 வரை நம் நாட்டில் ஆராய்ச்சி செய்த எமனோ என்பார், கோத்தரிடமும் தோடரிடமும் அமர்ந்து கதையும் பாட்டும் கேட்டார். அவர் எழுதிக்கொண்ட தோடர் பாடல்கள் 1971இற் பெருநூலாக வெளிவந்தன. எழுத்தறியா மக்களிடம் இத்துணைப் பாடல்களா என்று வியக்குமளவிற்கு அந்நூல் விரிந்தது. இரண்டிரண்டாக இணைந்துவரும் குறுந்தொடர்களால் அப்பாடல்கள் ஆக்கப்படுகின்றன. ஒரு தொடரைச் சொன்னால் அதற்கிணையான தொடர் மரபிலே காத்து நிற்கும். இவ்விணைகளைக் கற்றவர் பிறப்பிற்கும் இறப்பிற்கும் எருமைக்கும் மலைமுடிக்கும் அவ்வப்போதே பாட்டுப் புனைவர். தொடை நயம் கற்கும் நாம், இத்தொடையைப்பற்றி ஒரு நாளேனும் வகுப்பிற் கேட்டதுண்டோ?

சென்ற விடுமுறையில் நண்பர் மூவரோடு யானும் நீலமலைக்குச் சென்றிருந்தேன். உதகையினின்று சில கல் தொலைவிலுள்ள ஒரு தோடர் மந்திற்கு, அவ்வூராருடைய இசைவு பெற்று நடந்து சென்றோம். புற்சரிவின்மேல் ஐந்தாறு வீடுகள். பெரும்பாலானவை நம்மூரில் உள்ளவை போன்ற செங்கல் வீடுகளே. சற்று எட்ட, கல்மதில் சூழ, மூங்கிலும் பிரம்பும் புல்லுங்கொண்டு அரைவட்டமாக வளைத்துக் கட்டிய பழைய பாற்கோயில் நின்றது. அதன் வாயில் தவழ்ந்தன்றிப் புகவியலாத் துணைச் சிறியது. அயலார் அதனுட் புகுதல் கூடாது. அருகிற் செல்வதற்கும் எல்லையுண்டு. ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டியார் ஒருவர் வெள்ளைத் துணியிற் கறுப்பும் சிவப்புமான நூலாற் பூவேலை செய்துகொண்டிருந்தார். அச்சடித்த கோலமொன்றுமில்லை, துணியின் இழைகளை எண்ணியெண்ணியே ஊசி சென்றது. அவ்வேலைப்பாடு 2013ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது என்பதை யாம் முன்னரே அறிந்திருந்தோம். ஆயின், அவ்விரல்களின் விரைவை அறிந்திருந்தோமல்லோம்.

அவ்வேளையில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் எண்மர். கைப்பேசிகளை உயர்த்தியவண்ணமே அவர் நடந்தனர். ஒருவர் மூதாட்டியாரை நோக்கி, “பாட்டி, போர்வையைப் போர்த்துக்கொண்டு அந்தக் குடிசைப்பக்கம் நில்லுங்கள்” என்றார். அது குடிசையன்று, கோயில் என்று ஊர்க்காரர் ஒருவர் பொறுமையோடு கூறித் தடுத்தார். மற்றொருவர், “இங்கே பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?” என்று வினவினார். மூதாட்டியார் தலைநிமிராமலே, “பார்க்க ஒன்றுமில்லை, தம்பி. உட்கார்ந்தால் பேசலாம்” என்றார். அவர் உட்காரவில்லை. பத்து நிமிடத்தில் வண்டி திரும்பிவிட்டது.

நாங்கள் உட்கார்ந்தோம். அவர்தம் மொழியிற் சில சொற்களைச் சொல்லித்தரவேண்டுமென்று கேட்டோம். முதலில் நகைத்தார்; பின்னர் தம் கண்ணைத் தொட்டுக் காட்டி ‘கொண்’ என்பதுபோல் ஒரு சொல்லைச் சொன்னார். அருகிருந்த செம்பைக் காட்டி ‘நீர்’ என்றார். “எங்கள் நூல்களிலும் அதற்கு நீர் என்றுதான் பெயர், அம்மா” என்றோம். “அப்படியானால் தண்ணீர் என்று ஏன் சொல்லுகிறீர்கள்?” என்று அவர் கேட்டார். அவ்வினாவிற்கு விடைகூற ஆனர்ஸ் வகுப்பு மாணவர் நால்வர்க்குஞ் சற்று நேரம் பிடித்தது.

இனி, அம்மொழியைப்பற்றிச் சிறிது கூறுவேன். தோடர் மொழியும் கோத்தர் மொழியும் தமிழின் சிதைவென்றும், காட்டுக்கொச்சையென்றும் நம்மவர் பலர் கருதுகின்றனர். இது தவறு. கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே இவ்விரண்டும் திராவிடக் குடும்பத்தின் தனிமொழிகளாக எண்ணப்பட்டன. திருந்தாமொழிகள் என்னும் வகுப்பில் அவற்றை அவர் வைத்தார் என்பது மெய்யே. எழுத்தும் ஏடும் இன்மையாற் கூறிய சொல் அது. ஆயின் அவ்வடைமொழி, அம்மொழிகளைக் கேட்கவேண்டிய நம் செவியைப் பன்னாள் அடைத்துவிட்டது. அம்மொழிகள் தமிழினின்று உதிர்ந்தவையல்ல. தமிழோடு ஒரு தாய்வயிற்றிற் பிறந்த உடன்பிறப்புக்கள். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியைப் புரட்டுவார்க்கு இது விளங்கும். தமிழ்ச் சொல்லையும் மலையாளச் சொல்லையும் அடுத்துப் பெரும்பாலும் கோத்தர் சொல்லும் தோடர் சொல்லுமே அங்கு நிற்கும்.

நம் மொழியில் ‘அ’ என ஒலிப்பது தோடர் மொழியிற் பலவிடத்து ‘ஒ’ என ஒலிக்கும். ‘ஆ’ என்பது ‘ஓ’ ஆகும். ‘கண்’ என்பது ‘கொண்’ ஆயினமை இதனாலே. ஆக்கள் நிற்கும் இடத்தையும், ஊரார் கூடும் இடத்தையும் பழந்தமிழர் ‘மன்று’ என்றனர். அச்சொல்லின் உறவே தோடர் மொழியில், நம் எழுத்தில் முற்றும் அடங்காத ஒலியோடு, ‘மொத்’ என்பதுபோல் வழங்குகின்றது. ஊரும், பாற்கோயிலும், சாவுச்சடங்கு நிகழும் களமும் அச்சொல்லின் பொருளில் அடங்கும். நாம் ‘மந்து’ என்று அவரூரை அழைப்பதும் அதுவே. மன்று என்னுஞ் சொல்லை நாம் நூலிலும் நீதிமன்றப் பலகையிலும் வைத்துக் காக்கின்றோம். எருமையும் மனிதரும் கூடிநிற்கும் மெய்யான மன்றை அவர் வைத்துக் காக்கின்றனர்.

ஒலிநுட்பத்திலோ அவர் நம்மை விஞ்சுவர். ரகர றகர வேறுபாட்டைப் பேச்சிற் காக்க இயலாது நம்மிற் பலர் இடர்ப்படுகின்றோம். தோடரோ நாவை அதிர்வித்து ஒலிக்கும் எழுத்துக்களில் மூவகை வேறுபாடு காட்டுவர். மென்மையாக்கிச் சொல்லும் வகையையுஞ் சேர்த்தால் ஆறாகும். ஒலிநூல் வல்லார் கருவி கொண்டு ஆராய்ந்து இதனை உறுதிப்படுத்தியுள்ளனர். மேலும், றகரத்தை வல்லினத்துட் சேர்த்த தொல்காப்பியர் காலத்து ஒலி எத்தகையதென்று வகுப்பில் வினவுகின்றோம். பல்லொலிக்கும் நாமடியொலிக்கும் இடையே, நுனிநா அண்பல்லை ஒற்றிப் பிறக்கும் வல்லொலியொன்று தோடர் கோத்தர் வாயில் இன்றும் உயிரோடிருக்கின்றது. ஏட்டில் நாம் தேடும் விடையை எருமை மேய்க்கும் சிறுவன் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கின்றான்.

இவற்றினும் சிறந்த சொல்லொன்று உண்டு. நாம் அவரைத் தோடர் என்கின்றோம். அவர் தம்மை அவ்வாறு கூறிக்கொள்வதில்லை. அவர்தம் மொழியில் அவர் ‘ஓள்’. ‘ஆ’ என்பது ‘ஓ’ ஆகுமென்று முன்னர்க் கூறினேன். நேயர்காள்! ‘ஓள்’ என்பதைத் திரும்ப மாற்றிப் பாருங்கள். ‘ஆள்’ என்னும் நம் சொல்லே அது. மனிதன் என்பதே அதன் பொருள். காட்சிப்பொருளென்று நாம் விரலாற் சுட்டும் அம்மக்கள், தம்மை யாரென்று கேட்டால், நாமும் அறிந்த சொல்லாலேயே, மனிதர் என்று விடை கூறுகின்றனர். கேளாமற் கண்டு திரும்புவார்க்கு இவ்விடை எங்ஙனம் எட்டும்?

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்தல் வேண்டும். உல்லாசப் பிரயாணிகள் வருவதாலன்றோ அம்மக்கட்குப் பொருள் கிடைக்கின்றது என்பர் சிலர். கிடைக்கின்றது என்பது உண்மையே. பூவேலைத் துணி விற்றுக் குடும்பங்காக்கும் பெண்டிர் பலர் உளர். பிரயாணிகள் வரக்கூடாதென்று யான் கூறவில்லை. வருவோர் விருந்தினர்க்குரிய அடக்கத்தோடு வரவேண்டுமென்கின்றேன். நம் வீட்டுப் பூசையறையினுள், அல்லது நம் ஆலயத்தின் திருப்பந்தியினருகே, முன்பின் அறியாதார் எண்மர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நுழைந்தால் நாம் பொறுப்போமா? துணி வாங்குவோரும் இடையிலுள்ள கடைக்காரரிடம் பேரம் பேசுவதை விட்டுத் தைத்த கைக்கே உரிய விலை சேரும்படி வாங்கலாம்.

வேறு சிலர், இம்மக்கள் முன்னேற வேண்டுமாயின் பழமையை விடுதல் வேண்டும். அவர்தம் மொழியைப் போற்றுவது அவரைக் கண்காட்சிச் சாலையில் வைத்துப் பூட்டுவதாகும் என்பர். இவ்வெதிருரை சிறிது வலியுடையதே. ஆயின், தோடர் பிள்ளைகள் இன்று பள்ளி செல்கின்றனர், கல்லூரியும் செல்கின்றனர், தமிழும் ஆங்கிலமும் பேசுகின்றனர். அவர் எவ்வாறு வாழவேண்டுமென்பதை அவரே முடிவு செய்வர். அது நம் வேலையன்று. நம் வேலை வேறு. ஒரு பிள்ளை தன் தாய்மொழியைப் பேசும்போது நாம் நகைத்தால், அப்பிள்ளை அதனை மறைக்கக் கற்றுக்கொள்ளும். நாம் வினவி மகிழ்ந்தால், அதனை வைத்துக்கொள்ளலாமென்று எண்ணும். தமிழைப் பிறர் இகழ்ந்த காலத்தில் நாம் பட்ட துன்பத்தை மறந்தோமா? நம் மொழி செம்மொழியென்று பிறர் ஒப்பவேண்டுமென வாதாடிய நாம், நம் மலைமேலுள்ள உடன்பிறந்த மொழியைக் கொச்சையென்பது எவ்வாற்றான் நீதி?

இன்னுஞ் சிலர், பேசுவோர் மிகச் சிலராகிய மொழியைக் கற்பதால் யாது பயன் என்பர். தோடர் இன்று ஏறத்தாழ 2000 பேர். கோத்தரும் சிறு கூட்டத்தாரே. இவ்விரு மொழிகளும் அழியும் நிலையிலுள்ளவை என ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகமாகிய யுனெஸ்கோ பட்டியலில் வைத்துள்ளது. சிலரே பேசுவதாற் பயனில்லையென்பது, நோயாளி மெலிந்திருப்பதால் மருத்துவர் தேவையில்லையென்பது போலாம். பயனையே கேட்பார்க்கும் விடையுண்டு. தமிழின் பழமையை அறிவதற்குத் தமிழ் நூல்கள் மட்டும் போதா. ஒரு குடும்பத்தின் வரலாற்றை அறிய வேண்டுவார், மூத்த மகனுடைய பெட்டியை மட்டும் திறந்து பார்த்து அமைவரோ? மற்றைப் பிள்ளைகளையும் அழைத்துக் கேட்பரன்றோ?

நம் போன்ற மிஷன் கல்லூரிகளுக்கு இதிற் சிறப்பான பொறுப்புண்டு. இக்கல்லூரிகளைத் தோற்றுவித்த ஊழியர் கூட்டத்தினின்று வந்தவரே மெட்ஸும் போப்பும் கால்டுவெல்லும். அவ்வூழியருட் பலர் மலைமக்களின் ஆடலையும் பாடலையும் வழிபாட்டையும் இருளென்றே இகழ்ந்தனர் என்பதை மறைத்தற்கில்லை. அவ்விகழ்ச்சியை நாம் பின்பற்ற வேண்டுவதுமில்லை. ஆயின், ஒரு மக்களோடு பழகுமுன் அவர்தம் மொழியைக் கற்றல் வேண்டுமென்ற அவருடைய நல்வழக்கம் பின்பற்றத்தக்கது. அவர் தாம் கூறவேண்டியதனைக் கூறுதற்பொருட்டு மொழி கற்றனர். நாம் அவர் கூறுவதனைக் கேட்டற்பொருட்டுக் கற்போமாக.

செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்பேன். முதலாவது, நம் தமிழ்த்துறையார் ஒப்பிலக்கணம் கற்பிக்கும்போது தெலுங்கும் கன்னடமும் மலையாளமுமன்றித் தோடர், கோத்தர், இருளர் மொழிகளினின்றும் சான்று காட்டுதல் வேண்டும். அதற்கு வேண்டிய அகராதியும் பாடல் திரட்டும் நூல்நிலையத்தில் இடம்பெறல் வேண்டும். இரண்டாவது, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் நம் உல்லாசப் பயணத்தில் ஒரு பகற்பொழுதை அம்மக்களோடு அமர்ந்து பேசுதற்கென ஒதுக்குதல் வேண்டும். அதுவும் அவருடைய இசைவை முன்னரே பெற்று. மூன்றாவது, இசைவின்றி ஒரு நிழற்படமும் எடுப்பதில்லை என்று நமக்குள்ளே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். நான்காவது, மலைக்குடிகளினின்று நம் கல்லூரிக்கு மாணவர் வரும்போது, அவரைத் தம் மொழியிலே தமிழ் மன்றத்திற் பேசவும் பாடவும் அழைத்தல் வேண்டும். பொருள் விளங்காதே என்று அஞ்சற்க, அவரே விளக்குவர்.

மாணவ நண்பர்காள்! அடுத்த முறை நீலமலைக்குப் புறப்படுமுன், கம்பளிச் சட்டையும் உணவுப்பொதியும் எடுத்து வைப்பதோடு, ஒரு சிறு குறிப்பேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதற்பக்கத்தில் ‘நீர்’, ‘கொண்’, ‘ஓள்’ என்னும் மூன்று சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சிய பக்கங்களை நிரப்புவோர் அம்மலைமேல் இன்னும் இருக்கின்றனர். அவர் இருக்கும்போதே செல்லுங்கள்.